இமேஜ்ஜே, ஃபிஜிக்கு முதல் பிளகின் எழுதுவது எப்படி?

நுண்ணோக்கிப் படங்களை அளந்து எண்ணும் ஆய்வகங்களில் இமேஜ்ஜே பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில் பணியாற்றிய வேய்ன் ராஸ்பாண்ட் 1987-இல் மேக்கின்டாஷ் கணினிகளுக்காக என்ஐஎச் இமேஜ் என்ற நிரலை எழுதினார். அதையே எல்லாக் கணினிகளிலும் ஓடும்படி ஜாவாவில் புதிதாக எழுதி 1997-இல் இமேஜ்ஜே என்று வெளியிட்டார். அரசு ஊழியர் எழுதியது என்பதால் அது பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம். பின்னால் அதோடு நிறைய பிளகின்களையும் (கூடுதல் வேலைகளுக்காகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) ஒரு அப்டேட்டரையும் சேர்த்துக் கட்டிய தொகுப்புதான் ஃபிஜி. "ஃபிஜி இஸ் ஜஸ்ட் இமேஜ்ஜே" என்பதன் சுருக்கம் அது. தன் பெயரைத் தன் விரிவுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நிரலர்களின் பழைய குறும்பு.

இந்த மென்பொருள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு முக்கியமான காரணம், பிளகின்கள். செல்கள் நகரும் பாதையைத் தொடரும் டிராக்மேட், எலும்பின் வடிவத்தை அளக்கும் போன்ஜே எல்லாமே வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. நாமும் அப்படி ஒன்றை எழுத முடியும். ஜாவாவில் ஒரு லூப் எழுதத் தெரிந்தால் ஆரம்பிக்க அது போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சாதாரண செயலியில் பிழை இருந்தால் செயலி நின்றுபோகும், நமக்கும் தெரிந்துவிடும். ஆய்வு மென்பொருளின் பிளகினில் பிழை இருந்தால் பெரும்பாலும் எதுவும் நிற்காது. அட்டவணையில் ஓர் எண் வரும், அந்த எண் தவறாக இருக்கும், யாருக்கும் தெரியாது, அது கட்டுரையிலும் ஏறிவிடும். கீழே சில இடங்களில் நான் நீட்டி முழக்குவதற்குக் காரணம் இதுதான்.

பிளகின் தேவையா என்று முதலில் பாருங்கள்

உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே மெனுவில் எங்காவது ஒளிந்திருக்கலாம். ஃபிஜியின் தேடல் பெட்டியில் இரண்டு மூன்று விதமான சொற்களைத் தட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அடுத்து பிளகின்ஸ் மெனுவில் மேக்ரோஸ், அதற்குள் ரெக்கார்ட் என்பதைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலையைக் கையால் ஒரு முறை செய்யுங்கள். நீங்கள் சொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் அந்தச் சாளரத்தில் வரி வரியாக எழுதப்படும். அந்த வரிகளைச் சேமித்தால் அதுவே ஒரு மேக்ரோ. நூறு படங்களுக்கு ஒரே வேலையைச் செய்ய இது போதும்.

இருக்கும் கட்டளைகளை வரிசையாக ஓட்டுவதுதான் தேவை என்றால் மேக்ரோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெனுவில் இல்லாத ஒரு கணக்கைப் பிக்செல் பிக்செலாகப் போட வேண்டும், மேக்ரோ மிக மெதுவாக ஓடுகிறது, அல்லது மற்றவர்களும் மெனுவில் சொடுக்கிப் பயன்படுத்த வேண்டும் என்றால் பிளகினுக்குப் போகலாம்.

பைத்தான் தெரிந்தவர்கள் ஃபிஜியின் ஸ்கிரிப்ட் எடிட்டரில் பைத்தான் என்ற பெயரைப் பார்த்து மகிழ்வார்கள். நெடுங்காலமாக அங்கே இருப்பது ஜைத்தான். ஜாவாவுக்குள் ஓடும் பைத்தான் 2.7 அது, எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகம் அதில் வேலை செய்யாது. சின்ன ஸ்கிரிப்டுகளுக்கு நல்லதுதான். ஆனால் கனமான பிக்செல் வேலைக்கு ஜாவாவே மேல்.

ரெக்கார்டர் சாளரத்தின் மேலே மொழியைத் தேர்வு செய்ய ஓர் இடம் இருக்கும். அதை ஜாவாவுக்கு மாற்றினால், நீங்கள் கையால் செய்வதை ஜாவா வரிகளாகவே எழுதித் தரும். ஆவணங்களில் தேடி அலைவதைவிடச் சில சமயம் இதுவே வேகமான வழி.

தயாரிப்பு

ஃபிஜியை நிறுவ வேண்டியதில்லை, ஜிப்பை விரித்தால் போதும். விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். அங்கே எழுதும் அனுமதி இல்லாமல் அப்டேட்டர் தடுமாறும். உங்கள் பயனர் கோப்புறையிலோ டெஸ்க்டாப்பிலோ இருக்கட்டும்.

இன்னொரு நகலையும் வேறு பெயரில் விரித்து வையுங்கள். ஒன்று பிளகின் எழுதிப் பார்க்க, மற்றொன்று ஆய்வு அளவீடுகளுக்கு. பாதி எழுதிய பிளகின் இருக்கும் ஃபிஜியில் உண்மையான தரவை அளக்கும் பழக்கம் வேண்டாம்.

எடிட்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் பிளகினுக்கு ஃபிஜியோடு வரும் ஸ்கிரிப்ட் எடிட்டரே போதும். எக்லிப்ஸ், இன்டெல்லிஜே எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எதை எழுதுவது?

முதல் பிளகினாக, ஃபிஜியால் ஏற்கெனவே செய்ய முடிகிற ஒன்றையே எழுதச் சொல்வேன். வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் உங்கள் விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நம்பகமான விடை கையில் இருக்கும். நாம் எடுத்துக்கொள்ளும் பணி இது: தேர்ந்தெடுத்த பகுதிக்குள், ஒரு குறிப்பிட்ட மதிப்பும் அதற்கு மேலும் உள்ள பிக்செல்களை எண்ணி, அவற்றின் பரப்பை அட்டவணையில் எழுதுவது. பெயர் பிரைட்_ஏரியா என்று வைத்துக்கொள்வோம்.

பெயரின் நடுவில் இருக்கும் அடிக்கோட்டைக் கவனியுங்கள். பிளகின்ஸ் கோப்புறையில் போடும் கிளாஸின் பெயரில் ஓர் அடிக்கோடாவது இருந்தால்தான் இமேஜ்ஜே அதை மெனுவில் காட்டும். மெனுவில் அந்த அடிக்கோடு இடைவெளியாக மாறிவிடும். "எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், மெனுவில் மட்டும் வரவில்லை" என்று புதியவர்கள் புலம்பினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதோடு கோப்பின் பெயரும் கிளாஸின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இது ஜாவாவின் விதி.

எலும்புக்கூடு

பழைய, எளிய பாணியில் இரண்டு வகைப் பிளகின்கள் உண்டு. ஒன்று வெறும் பிளகின். அதில் ரன் என்ற ஒரே மெத்தட்தான். படம் எதுவும் திறந்திருக்கத் தேவையில்லை. புதிய படம் உருவாக்குவது, கோப்பைப் படிப்பது போன்ற வேலைகளுக்கு ஏற்றது. இன்னொன்று பிளகின்ஃபில்டர். திறந்திருக்கும் படத்தின் மேல் வேலை செய்வது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பிளகின்ஸ் மெனுவில் நியூ, அதற்குள் பிளகின் ஃபில்டர் என்று சொடுக்கினால் ஓடக்கூடிய ஒரு சிறு மாதிரி எடிட்டரில் திறக்கும். அதை அப்படியே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பெயரை மாற்றிச் சேமியுங்கள்.

பிளகின்ஃபில்டரில் இரண்டு மெத்தட்கள் இருக்கும். முதலில் ஓடுவது செட்டப். அதற்கு இமேஜ்பிளஸ் வகைப் பொருளாகப் படம் வந்து சேரும். தலைப்பு, அளவுகோல், அடுக்கு எல்லாம் சேர்ந்த முழுப் படம் அது. பிறகு ரன் ஓடும். அதற்கு வருவது இமேஜ்புராசசர், அதாவது பிக்செல்கள் இருக்கும் ஒற்றைத் தளம். செட்டப்பில் வரும் இமேஜ்பிளஸை ஒரு மாறியில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அளவுகோலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

செட்டப் ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். இந்தப் பிளகின் எந்த வகைப் படங்களை ஏற்கும், எப்படி நடந்துகொள்ளும் என்று இமேஜ்ஜேவுக்குச் சொல்லும் கொடிகளின் கூட்டுத்தொகை அது. டஸ்_8ஜி என்றால் 8-பிட் சாம்பல் நிறப் படம், டஸ்_16 என்றால் 16-பிட், டஸ்_32 என்றால் தசம எண் படம், டஸ்_ஆர்ஜிபி என்றால் வண்ணப் படம். டஸ்_ஆல் போட்டால் எல்லாமே. மாதிரியில் டஸ்_ஆல் இருக்கும், அதை எடுத்துவிட்டு டஸ்_8ஜி மட்டும் போடுங்கள். நீங்கள் சோதித்துப் பார்க்காத படவகையை ஏற்பதாகச் சொல்லாதீர்கள். வேறு வகைப் படத்தோடு யாராவது வந்தால் இமேஜ்ஜேவே மறுத்துச் சொல்லிவிடும், நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நம் பிளகின் அளக்க மட்டுமே செய்கிறது, படத்தை மாற்றவில்லை. எனவே நோ_சேஞ்சஸ் என்ற கொடியையும் கூட்டிக்கொள்ளுங்கள். படத்தை மாற்றும் பிளகின் என்றால் இமேஜ்ஜே முன்கூட்டியே ஒரு நகலை எடுத்து வைத்து, அன்டூ செய்ய வழி வைக்கும். இங்கே அது தேவையில்லை.

பிக்செல்களைத் தொடும்போது

இமேஜ்புராசசரிடம் கெட்பிக்செல்ஸ் என்று கேட்டால் பிக்செல்கள் ஒரே நீள வரிசையாக வரும். இரட்டைப் பரிமாண அட்டவணை கிடையாது. மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பதைப் படத்தின் அகலத்தால் பெருக்கி, இடமிருந்து எத்தனையாவது என்பதைக் கூட்டினால் அந்தப் பிக்செலின் இடம் வரும். இரண்டும் 0-இல் தொடங்கும். அடுக்குப் படங்களில் தளங்களின் எண் மட்டும் 1-இல் தொடங்கும். இது ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

8-பிட் படமென்றால் அந்த வரிசை பைட் வகையில் இருக்கும். இங்கேதான் பெரிய குழி.

ஜாவாவில் பைட் என்பது குறியுள்ள எண். அது −128 முதல் 127 வரை போகும். படத்தின் பிக்செலோ 0 முதல் 255 வரை. 127 வரை இரண்டும் ஒத்துப்போகும். அதற்கு மேல் போனால், 128 என்பது −128 ஆகவும், 200 என்பது −56 ஆகவும், 255 என்பது −1 ஆகவும் கைக்கு வரும். "100-உம் அதற்கு மேலும் உள்ளதை எண்ணு" என்று நேரடியாக எழுதினால், 100 முதல் 127 வரை உள்ளவை மட்டும் எண்ணப்பட்டு, உண்மையிலேயே பிரகாசமான பிக்செல்கள் அனைத்தும் எதிர்ம எண்களாகி விட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மங்கலான படத்தில் சோதித்திருந்தால் விடைகூடச் சரியாகவே வரும்.

தீர்வு எளியது. வரிசையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பைட்டையும் & 255 என்று பிட் வாரியாகப் பிணைத்து முழு எண் மாறியில் வாங்குங்கள். −56 மீண்டும் 200 ஆகிவிடும். 16-பிட் படத்தில் ஷார்ட் வகைக்கும் இதே கதைதான், அங்கே & 65535. தசம எண் படத்தில் இந்தத் தொல்லை இல்லை. வண்ணப் படத்தில் ஒரே முழு எண்ணுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் திணிக்கப்பட்டிருக்கும், அதைத் தனியே பிரிக்க வேண்டும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இமேஜ்புராசசரின் கெட் என்ற மெத்தட் இருக்கிறது. இடத்தைச் சொன்னால் குறியில்லாத சரியான எண்ணையே தரும். கொஞ்சம் மெதுவு. முதல் பதிப்பை அதில் எழுதி, விடை சரி என்று உறுதியான பிறகு, வேகம் போதவில்லை என்றால் மட்டும் வரிசைக்கு மாறுங்கள்.

இன்னொரு விஷயம், கண்ணுக்குத் தெரிவதும் எண்ணும் வேறு. ஃபைல் மெனுவில் ஓபன் சாம்பிள்ஸ், அதற்குள் பிளாப்ஸ் என்று ஒரு மாதிரிப் படம் உண்டு. 256 × 254 பிக்செல் அளவு. எல்லாப் பயிற்சிகளிலும் வருவது அதுதான். அதில் வெளிர் பின்னணியில் கரும் பொட்டுகள் தெரியும். கருமை என்றால் சிறிய எண் என்று நினைப்போம். ஆனால் அந்தப் படத்தில் தலைகீழ் வண்ண அட்டவணை போடப்பட்டிருக்கிறது. 0 வெள்ளையாகவும் 255 கறுப்பாகவும் காட்டப்படும். கரும் பொட்டுகளில் இருப்பதுதான் பெரிய எண். படச் சாளரத்தின் மேல்வரியில் இன்வர்டிங் எல்யூடி என்று சின்னதாக எழுதியிருக்கும், பலரும் படிப்பதில்லை. உங்கள் பிளகின் எண்களைத்தான் பார்க்கிறது, நிறத்தைப் பார்ப்பதில்லை என்பதை உதவிக்குறிப்பில் ஒரு வரியாகவாவது எழுதிவையுங்கள்.

16-பிட் படங்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "பிளகின் 8-பிட்டைத்தான் ஏற்கிறது, சரி, மாற்றிவிடுவோம்" என்று மெனுவில் மாற்றினால், அந்த நேரத்தில் திரையில் வைத்திருக்கும் பிரகாச வரம்பை வைத்துத்தான் இமேஜ்ஜே எண்களைச் சுருக்கும். பிரகாசத்தை வேறு விதமாகத் திருகி வைத்திருந்தால், ஒரே படத்துக்கு வேறு எண்கள் வரும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும் ஆய்வில் இது விபரீதம். அதனால்தான் பயனரை 8-பிட்டுக்குத் தள்ளாமல், கொஞ்சம் சிரமப்பட்டாவது 16-பிட்டையும் நேரடியாக ஏற்கும்படி இரண்டாம் பதிப்பை எழுதச் சொல்வேன்.

தேர்ந்தெடுத்த பகுதியும் அளவுகோலும்

பயனர் படத்தில் ஒரு வட்டத்தை வரைந்துவிட்டு உங்கள் பிளகினை ஓட்டுவார். வட்டத்துக்குள் மட்டும் எண்ண வேண்டும். இமேஜ்ஜே இதைத் தானாகச் செய்துதராது. கெட்ராய் என்று கேட்டால் அந்த வட்டத்தைச் சுற்றியுள்ள செவ்வகம் கிடைக்கும். லூப் அந்தச் செவ்வகத்துக்குள் மட்டும் ஓடட்டும். கெட்மாஸ்க் என்று கேட்டால், செவ்வகத்துக்குள் எந்தப் பிக்செல்கள் வட்டத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் முகமூடி கிடைக்கும். அதில் 0 இல்லாத இடங்கள்தான் உள்ளே இருப்பவை. பயனர் செவ்வகம் வரைந்திருந்தாலோ எதுவுமே வரையாமல் விட்டிருந்தாலோ முகமூடி வராது, நல் (null), அதாவது வெறுமை என்று வரும். அதைச் சரிபார்க்காமல் விட்டால் பிளகின் விழும். விழுந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். விழாமல் ஏமாற்றும் இன்னொன்று உண்டு: முகமூடியின் இடக்கணக்கு செவ்வகத்தின் மூலையிலிருந்து தொடங்குகிறது, படத்தின் மூலையிலிருந்து இல்லை. இரண்டையும் குழப்பினால் எண்ணிக்கை வேறெங்கிருந்தோ வரும்.

பிக்செல் எண்ணிக்கை கிடைத்ததும் பரப்பு. செட்டப்பில் பத்திரப்படுத்திய இமேஜ்பிளஸிடம் கெட்கேலிபரேஷன் என்று கேளுங்கள். பிக்செலின் அகலம், உயரம், அலகு மூன்றும் அதில் இருக்கும். எண்ணிக்கையை அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்குங்கள். அகலத்தை இருமடி எடுப்பது பெரும்பாலும் ஒத்துவரும், ஆனால் சதுரமல்லாத பிக்செல்களும் உண்டு. அளவுகோல் இல்லாத படத்தில் அலகு பிக்செல் என்றே இருக்கும். அப்படியே அட்டவணையில் எழுதிவிடுங்கள், நீங்களாக மைக்ரோமீட்டர் என்று போட்டுவிடாதீர்கள்.

அட்டவணைக்கு ரிசல்ட்ஸ்டேபிள் என்ற கிளாஸ் இருக்கிறது. புது வரிசை சேர்த்து, படத்தின் பெயர், கொடுத்த வரம்பு மதிப்பு, எண்ணிக்கை, பரப்பு, அலகு எல்லாவற்றையும் எழுதுங்கள். விடையை மட்டும் எழுதிவிட்டு எந்த வரம்பில் கிடைத்தது என்று எழுதாத அட்டவணையை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது.

பயனரிடம் கேட்பது

வரம்பு மதிப்பைக் கேட்க ஜெனரிக்டயலாக் போதும். எண் கேட்கும் பெட்டி ஒன்றைச் சேர்த்து, காட்டி, கேன்சல் அழுத்தினாரா என்று பார்த்து, இல்லையென்றால் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கேன்சல் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பெட்டியைப் பயன்படுத்துவதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ரெக்கார்டர் திறந்திருக்கும்போது உங்கள் பிளகினை ஓட்டினால், பயனர் கொடுத்த மதிப்போடு சேர்த்து அதுவும் பதிவாகிவிடும். மேக்ரோவிலிருந்து ஓட்டும்போது பெட்டி தோன்றாமல் அந்த மதிப்பே போய்ச் சேரும். இதற்காக நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. பெட்டிகளைச் சொந்தமாகக் கட்டிய அழகான பிளகின்கள் பலவற்றில் இது வேலை செய்யாது. நூறு படங்களுக்கு நூறு முறை சொடுக்க வைக்கும் பிளகினை நான் பாதிப் பிளகின் என்றுதான் சொல்வேன்.

ஒன்று மட்டும் கவனம். பதிவில் ஒவ்வொரு பெட்டியின் அடையாளமும் அதன் தலைப்பின் முதல் சொல். "மினிமம் சைஸ்" என்றும் "மினிமம் வேல்யூ" என்றும் இரண்டு பெட்டிகள் வைத்தால் இரண்டுக்கும் ஒரே அடையாளம் வந்து மோதும். நடுவில் அடிக்கோடு போட்டு ஒரே சொல்லாக்கிவிடுங்கள். பிளகினை வெளியிட்ட பிறகு இந்தத் தலைப்புகளை மாற்றினால் மற்றவர்கள் எழுதி வைத்த மேக்ரோக்கள் உடையும். எனவே பெயரைத் தொடக்கத்திலேயே யோசித்து வையுங்கள்.

அடுக்குப் படங்களுக்கு டஸ்_ஸ்டாக்ஸ் கொடி சேர்த்தால் ஒவ்வொரு தளத்துக்கும் ரன் தனித்தனியாக ஓடும். அப்போது பெட்டியை ரன்னுக்குள் வைத்திருந்தால் தளத்துக்கு ஒரு முறை பெட்டி எழும். எண்பது தளம் என்றால் எண்பது முறை. அதைத் தவிர்க்க எக்ஸ்டென்டட்பிளகின்ஃபில்டர் என்ற வகை இருக்கிறது. பெட்டி காட்டுவதற்கென்றே அதில் தனி மெத்தட் உண்டு, முன்னோட்டமும் காட்டலாம்.

சோதனை

விடை முன்பே தெரிந்த படத்தில் சோதியுங்கள். அப்படி ஒரு படத்தை நாமே செய்துகொள்ளலாம்.

ஃபைல் மெனுவில் நியூ, இமேஜ். 8-பிட், கறுப்பு, 100 × 100. எடிட் மெனுவின் செலக்ஷனில் ஸ்பெசிஃபை என்பதைச் சொடுக்கி, அகலம் 20, உயரம் 10, இடம் (30, 40) என்று ஒரு செவ்வகம் போடுங்கள். புராசஸ் மெனுவில் மேத், செட் என்று போய் 200 கொடுங்கள். இப்போது தேர்வை நீக்கிவிட்டு, வரம்பு 100 என்று பிளகினை ஓட்டினால் 200 பிக்செல் வர வேண்டும். 0 வந்தால் & 255-ஐ மறந்திருக்கிறீர்கள்.

அடுத்து, வரம்பாக 200-ஐயே கொடுங்கள். அப்போதும் 200 பிக்செல்தான் வர வேண்டும், ஏனென்றால் "அதுவும் அதற்கு மேலும்" என்பதுதான் நாம் வைத்த விதி. இமேஜ்ஜேவின் திரெஷோல்டும் இரு எல்லைகளையும் சேர்த்தே எடுக்கும். 0 வந்தால் ஒப்பீட்டில் "சமம்" விடுபட்டிருக்கிறது. 201 கொடுத்தால் 0 வர வேண்டும்.

அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் போய் 2 பிக்செல் என்பது 1 மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். ஒரு பிக்செல் அரை மைக்ரோமீட்டர், எனவே பரப்பு 200 × 0.25, அதாவது 50 சதுர மைக்ரோமீட்டர். 100 வந்தால் ஒரு பக்கத்தால் மட்டும் பெருக்கியிருக்கிறீர்கள்.

கடைசியாக, அந்த வெளிர் செவ்வகத்தின் மேல் பாதி விழும்படி ஒரு நீள்வட்டம் வரைந்து ஓட்டுங்கள். செட் மெஷர்மென்ட்ஸில் ஏரியாவையும் லிமிட் டு திரெஷோல்டையும் தேர்ந்து, திரெஷோல்டை 100 முதல் 255 வரை வைத்து, இமேஜ்ஜேவின் மெஷர் கட்டளை தரும் பரப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சோதனைச் செவ்வகத்தைப் படத்தின் இடது மேல் மூலையில் வைக்காமல் (30, 40) என்று தள்ளி வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். மூலையில் வைத்தால் முகமூடியின் இடக்கணக்குப் பிழை வெளியே தெரியாது.

இந்தப் படங்களை டிஃப் வடிவில் சேமித்து நிரலோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். நிரலைத் தொட்ட ஒவ்வொரு முறையும் இவற்றை மீண்டும் ஓட்ட வேண்டும். ஜேபெக்கில் சேமிக்காதீர்கள், அது பிக்செல் எண்களை மாற்றிவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் நிரல் எழுதி வாங்குகிறவர்களுக்கும் இந்தப் பகுதி பொருந்தும். அவை எழுதித் தரும் நிரல் பழைய பாணியையும் புதிய பாணியையும் கலந்து வரலாம், பார்க்க நேர்த்தியாகவும் இருக்கும். யார் எழுதினாலும் 200 பிக்செல் சோதனையில் தேறினால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜார் கோப்பாகக் கட்டுவது

கோப்பு ஒன்றுதான் என்றால், கம்பைல் செய்த கிளாஸ் கோப்பைப் பிளகின்ஸ் கோப்புறையில் போட்டு, ஃபிஜியை மூடித் திறந்தால் மெனுவில் வந்துவிடும். ஹெல்ப் மெனுவில் ரிஃப்ரெஷ் மெனுஸ் இருக்கிறது, ஆனால் மூடித் திறப்பதே நிம்மதி. மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் கம்பைல் செய்து ஜார் கோப்பாக (ஜாவா நிரலை ஒரே கோப்பாகக் கட்டிய பொட்டலம்) கட்டுங்கள். ஜார் கோப்பின் பெயரிலும் அடிக்கோடு வேண்டும்.

ஜாருக்குள் பிளகின்ஸ்.கான்ஃபிக் என்று ஒரு சிறு எழுத்துக் கோப்பு வைக்கலாம். எந்த மெனுவில், என்ன பெயரில், எந்தக் கிளாஸ் என்று மூன்றையும் காற்புள்ளி இட்டு ஒரே வரியில் எழுதினால் போதும். மெனுவில் பெயர் எப்படித் தெரிய வேண்டும் என்பது உங்கள் கைக்கு வரும்.

ஜாவா பதிப்பில் பலர் மாட்டிக்கொள்வார்கள். நீண்ட காலம் ஃபிஜி ஜாவா 8-இல்தான் ஓடியது. புதிய ஃபிஜி ஜாவா 21-க்கு நகர்ந்துவிட்டது. உங்கள் கணினியில் புதிய ஜாவாவில் கம்பைல் செய்த ஜாரைப் பழைய ஃபிஜி வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால், அங்கே கிளாஸ் பதிப்பு ஒத்துவரவில்லை என்ற நீளமான பிழைதான் வரும். இன்னும் எத்தனையோ ஆய்வகக் கணினிகளில் பழையதுதான் ஓடுகிறது, நுண்ணோக்கியோடு இணைந்த கணினியை யாரும் எளிதில் தொடமாட்டார்கள். எனவே ஜாவா 8-ஐ இலக்காக வைத்துக் கம்பைல் செய்யுங்கள். கம்பைலரில் ரிலீஸ் 8 என்று அமைப்பது ஒரு வரி வேலை.

புதிய பாணி

மேலே சொன்னது இமேஜ்ஜேவின் முதல் தலைமுறை வழி. பின்னால் வந்த இமேஜ்ஜே2-வில் சைஜாவா என்ற அடித்தளம் இருக்கிறது. அதில் கிளாஸின் தலையில் பிளகின் என்ற குறிப்பையும், வேண்டிய உள்ளீடுகளின் தலையில் பாராமீட்டர் என்ற குறிப்பையும் எழுதினால், பெட்டியை அதுவே கட்டிக்கொள்ளும். அடிக்கோடு விதியும் இல்லை. திரையில்லாத சர்வரில் ஓட்டுவதற்கும் இதுவே வசதி. மேவன் என்ற நிரல் கட்டும் கருவி கொண்டு கட்ட வேண்டும், அது முதலில் கொஞ்சம் மிரட்டும். கிட்ஹப்பில் இமேஜ்ஜே குழுவின் கணக்கில் இரண்டு பாணிக்கும் மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன, ஒன்றை நகலெடுத்துப் பெயர் மாற்றித் தொடங்கலாம்.

முதல் நாளே இதற்குத் தாவலாமா? ஜாவாவும் மேவனும் பழகியவர் என்றால் தாராளமாக. மற்றவர்கள் பழைய பாணியில் ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள்.

மற்றவர் கைக்குப் போகும்போது

ஃபிஜியின் அப்டேட்டர் பல இடங்களிலிருந்து பிளகின்களை இழுக்கும். அப்படி உங்களுக்கென்று ஓர் அப்டேட் தளம் வைத்துக்கொண்டால், பயனர்கள் பட்டியலில் ஒரு முறை சேர்த்தால் போதும், புதிய பதிப்புகள் தானாகப் போய்ச் சேரும். அதில் உங்கள் ஜாரை மட்டும் ஏற்றுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் பொது நூலக ஜார்களையும் சேர்த்து ஏற்றினால், பயனரின் ஃபிஜியில் அந்த நூலகத்தின் பதிப்பு மாறி, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பிளகின் உடையும். அவர் அந்தப் பிளகினை எழுதியவரைத்தான் திட்டுவார்.

உரிமம் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். இமேஜ்ஜேவின் மூல நிரல் பொதுவுடைமை என்றாலும், ஃபிஜியில் உள்ள பல பாகங்கள் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கின்றன; அதைக் கொண்டு செய்ததை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்வது அது. அவற்றைப் பயன்படுத்தினால் அந்த விதி உங்களுக்கும் பொருந்தும். உரிமமே எழுதாமல் விட்டால், நல்ல மனதோடு திருத்த வருகிறவர்கூடத் தயங்குவார்.

பதிப்பு எண்ணை ஜாரின் பெயரில் போடுவதோடு நிறுத்தாமல், ரிசல்ட்ஸ் அட்டவணையிலேயே ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள். உங்கள் பிளகினைக் கொண்டு அளந்த ஒருவர் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் என்ன எழுத வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு பதிப்பையும் சினோடோ போன்ற களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான டிஓஐ (DOI) என்ற அடையாள எண் கிடைக்கும்; கிட்ஹப்போடு அதை இணைத்துவிட்டால் வெளியீடு செய்யும்போதே தானாக ஏறிவிடும். பிழை கண்டுபிடித்துத் திருத்தினால், எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை எந்த அளவீடு பாதிக்கப்பட்டது என்று மாற்றக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள். "சில பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்ற வரியை வைத்துக்கொண்டு, தன் பழைய எண்கள் சரியா என்று யாராலும் தீர்மானிக்க முடியாது.